1763–64 மதுரை முற்றுகை: ஒற்றர், துபாஷி, வக்கீல் கடிதங்களை வைத்து வரலாறு எழுதுவது எப்படி

கும்பினியின் (ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின்) சிப்பாய்த் தளபதியாக இருந்து, மதுரைச் சீமையை நிர்வகித்து, பிறகு கும்பினியையும் நவாபையும் எதிர்த்து நின்ற யூசுப் கான் என்கிற மருதநாயகத்தைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது ஒரே இடத்தில்தான். கைக்குக் கிடைத்த ஒரு கடிதத்தை எடுத்து, அதில் உள்ளதை நடந்ததாகவே எழுதிவிடுகிறார்கள். ஆனால் அந்தக் காலத்து மதுரைச் சீமையில் சும்மா கடிதம் எழுதியவர் எவரும் இல்லை. கப்பம் குறைய வேண்டும், பாக்கிச் சம்பளம் வர வேண்டும், போட்டியாளன் கெட வேண்டும், துருப்பு வந்து சேர வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு தேவை இருந்தது. எனவே எந்தக் கடிதம் கிடைத்தாலும் அதன் தேதி, அது வந்த பாதை, எழுதியவருக்கு அதில் இருந்த லாபம் மூன்றையும் முதலில் தீர்மானியுங்கள். உள்ளே இருக்கும் சேதியை அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். அதைச் செய்யும் முறையைக் கீழே சொல்கிறோம். உள்ளூர் வரலாறு எழுதுபவர்கள், ஆய்வு மாணவர்கள், ஊர்மலர் தயாரிக்கும் ஆசிரியர்கள் எல்லோருக்கும் இது பயன்படும்.

காலத்தைச் சுருக்குங்கள்

'யூசுப் கான் வாழ்க்கை' என்று தொடங்கினால் முடியாது. ஆறு வாரத்துக்கு மேல் போகாத ஒரு துண்டை எடுங்கள். தோதான துண்டுகள் நான்கு உண்டு. ஒன்று, 1763 தொடக்கத்தில் மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி ஏறிய நாட்கள். இரண்டு, அந்த ஆண்டு கர்னல் மான்சன் நடத்திய முதல் முற்றுகை மழையால் கைவிடப்பட்ட நவம்பர் மாதம். மூன்று, 1764 ஜூன் 26 அன்று மேஜர் சார்லஸ் கேம்பெல் நடத்திய தாக்குதல் தோற்று, கும்பினி அதிகாரி பிரெஸ்டன் உயிர்போகும் காயம் பட்ட நாளை ஒட்டிய வாரங்கள். நான்கு, 1764 அக்டோபர் 13 அன்று யூசுப் கான் பிடிபட்டு 15 அன்று தூக்கிலிடப்பட்டது வரையான இரண்டு வாரம். முதல்முறை எழுதுபவர் நான்காவதை எடுக்கலாம். சாட்சிகள் அதிகம், காலம் குறைவு.

துண்டை எடுத்ததும் அந்த நாட்களில் களத்தில் யார் யார் இருந்தார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். சென்னையில் கும்பினிக் கவுன்சில். அதன் நண்பரும் கடனாளியுமான ஆற்காட்டு நவாப் முகமது அலி. 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்தபின் சிதறி, யூசுப் கானிடம் சேவகம் புகுந்த பிரெஞ்சுக்காரர்கள்; அவர்களுக்குத் தலைவன் மார்ஷான். கரையோரத்திலிருந்து பிரெஞ்சுத் தரப்புக்காகப் பேச்சு நடத்திய மோதாவ் பிரபு. தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் டச்சுக்காரர்கள், தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள். திண்டுக்கல்லில் மைசூர் அதிகாரம். 1755இல் அங்கே பவுஜ்தாராக (படை அதிகாரியாக) வந்தவர்தான் ஹைதர் அலி. மேற்கே திருவிதாங்கூர், கிழக்கே சேதுபதியும் சிவகங்கையும், தெற்கே பாளையக்காரர்கள். இன்றைய மாவட்ட எல்லைகளை இந்தத் தாளில் வரையாதீர்கள். திண்டுக்கல்லை 'மதுரைக்குள்' வைத்துப் பார்த்தால் அங்கிருந்து வரும் ஒவ்வொரு சேதியும் தவறாகப் புரியும். அது அப்போது வேற்று அரசின் பாசறை.

பெயர்ப் பட்டியல்

கும்பினி ஆவணங்களின் பெயர் அட்டவணையில் ஒரே ஆள் நான்கு ஆங்கில எழுத்துக்கூட்டலில் வருவார். 'கான்' என்பதைக் கும்பினி எழுத்தர்கள் சி, ஏ, டபிள்யூ, என் என்று எழுதினார்கள். இன்றைய கூட்டலில் கணினியில் தேடினால் ஒன்றும் சிக்காது. யூசுப் கான் ஐ எழுத்திலும் ஒய் எழுத்திலும் இருப்பார். நவாபின் அண்ணன் மாபூஸ் கான் பி, எச் சேர்த்து எழுதப்பட்டிருப்பார். கட்டபொம்ம நாயக்கர் ஒரே நீளச் சொல்லாக, சி எழுத்தில் தொடங்குவார். மதுரை 'மதுரா' என்று இருக்கும். வடக்கே உள்ள மதுராவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒரு நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, கண்ணில் படும் ஒவ்வொரு கூட்டலையும் குறித்துவாருங்கள். பத்து நாள் வேலைக்குப் பின் உங்கள் கையில் மிகவும் மதிப்புள்ள பொருள் அந்த நோட்டாகத்தான் இருக்கும்.

பட்டங்களைப் பெயர் என்று எண்ணுவது அடுத்த சிக்கல். கிலேதார் (கோட்டைத் தலைவர்), அமுல்தார் (வரி அதிகாரி), பவுஜ்தார், கமெண்டான் (படைத் தளபதி) எல்லாம் பதவிகள். ஆள் மாறினாலும் சொல் மாறாது. '1757இல் மதுரைக் கிலேதார்' என்று வந்தால் அது பர்கத்துல்லா. அந்த ஆண்டு செப்டம்பரில் 1,70,000 ரூபாய் பெற்றுக்கொண்டு கோட்டையைக் கும்பினிக் கேப்டன் காலியாடிடம் ஒப்படைத்தவர் அவர். அதே சொல் வேறு ஆண்டில் வேறு ஆளைக் குறிக்கும்.

தேதி

நேரத்தை இங்கேதான் தாராளமாகச் செலவிட வேண்டும். மற்றப் பிழைகளைப் பிறகு திருத்தலாம். தேதி பிசகினால் காரணமும் விளைவும் இடம் மாறிவிடும்.

முதலில் ஆங்கிலத் தேதி. 1752 செப்டம்பர் 2 வரை ஆங்கிலேயர் பழைய நாட்காட்டியில் இருந்தார்கள். மறுநாளை செப்டம்பர் 14 என்று வைத்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1582 முதலே புதிய கணக்கில் இருந்தார்கள். ஆகவே அதற்கு முந்தைய 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலத் தேதியோடு 11 நாள் கூட்டினால்தான் பிரெஞ்சுத் தேதி வரும். ஆம்பூர்ப் போர் ஆங்கிலக் கணக்கில் 1749 ஜூலை 23, பிரெஞ்சுக் கணக்கில் ஆகஸ்ட் 3. இரண்டு போர் இல்லை, ஒரே போர். அதோடு, அந்தக் காலத்தில் ஆங்கிலேயரின் ஆண்டு மார்ச் 25 அன்றுதான் பிறந்தது. ஜனவரி, பிப்ரவரிக் கடிதங்களில் பழைய ஆண்டோ, இரண்டு ஆண்டும் சேர்த்தோ இருக்கும். 1763–64க்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் முகமது அலிக்கும், நவாப் பதவிக்கு அவரோடு போட்டியிட்ட சந்தா சாகிபுக்கும் இடையே பகை வளர்ந்த கதையை முன்கதையாக எழுதும்போது இதில் மாட்டாதவர் அரிது.

அடுத்தது தமிழ்த் தேதி. 1763 சித்திரை முதல் சுபானு, 1764 சித்திரை முதல் தாரண. இதே பெயர்கள் 60 ஆண்டு முன்னும் பின்னும் வரும் என்பது தெரிந்ததே. பலர் கவனிக்காமல் விடுவது வேறொன்று. இன்று ஏப்ரல் 14ஐ ஒட்டிப் பிறக்கும் சித்திரை, அன்று ஏப்ரல் 9 அல்லது 10 வாக்கில் பிறந்தது. நம் சூரிய ஆண்டு ஆங்கில ஆண்டைவிடச் சற்று நீளம். 260 ஆண்டில் அந்த வித்தியாசம் நான்கு நாளுக்கு மேல் சேர்ந்துவிட்டது. 1764 அக்டோபர் 15ஐ இன்றைய தினசரி நாட்காட்டியை வைத்து மாற்றினால் புரட்டாசிக் கடைசி என்று வரும். உண்மையில் ஐப்பசி பிறந்து ஓரிரு நாள் ஆகியிருந்தது. எல்.டி. சாமிக்கண்ணுப் பிள்ளை கணித்த பழைய பஞ்சாங்க அட்டவணைகள் 1799 வரை உண்டு. பெரிய நூலகங்களில் கிடைக்கும். அதை வைத்தே மாற்றுங்கள்.

நவாப் தரப்புப் பாரசீகக் கடிதங்களில் ஹிஜ்ரி இருக்கும். ஹிஜ்ரி 1178, 1764 ஜூலை தொடக்கத்தில் பிறந்தது. அந்தக் கணக்கில் நாள் மாலையில் தொடங்குவதால், இரவில் நடந்தது மறுநாள் தேதியில் போகும். ஒருநாள் வேறுபாட்டைக் கண்டவுடன் 'முரண்' என்று எழுதிவிடாதீர்கள்.

சரிபார்க்க எளிய வழி கிழமை. தமிழ் ஓலையிலும் தாளிலும் கிழமை எழுதும் வழக்கம் உண்டு. 1764 அக்டோபர் 13 சனிக்கிழமை, 15 திங்கட்கிழமை. உங்கள் மாற்றத்தில் கிழமை ஒத்துவரவில்லை என்றால் மாற்றம் தப்பு, அல்லது படியெடுத்தவர் தப்பு. எதுவென்று தெரியும்வரை அந்தக் கடிதத்தைக் கட்டுரையில் சேர்க்காமல் தனியே வையுங்கள்.

கடைசியாக ஒன்று. எழுதிய தேதி, கிடைத்த தேதி, கவுன்சிலில் படிக்கப்பட்ட தேதி மூன்றும் வெவ்வேறு. கும்பினியின் ஆலோசனைப் புத்தகத்தில் பக்கத்தின் மேலே இருப்பது கூட்டம் நடந்த தேதி. அதன் கீழே வந்திருந்த உறுப்பினர்கள், பிறகு படிக்கப்பட்ட கடிதங்களின் நகல் அல்லது சாரம், பிறகு முடிவு என்று போகும். மேலே உள்ள தேதியைச் சம்பவத் தேதியாக எடுத்தால் ஒரு வாரம் பிசகும். மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் போடுங்கள். கிடைக்காத கட்டத்தைக் காலியாகவே விடுங்கள்.

எழுதியவர் யார், அவருக்கு என்ன வேண்டும்

ஹர்காரா ஓடிச் சேதி கொண்டுவருபவர், ஒற்றும் பார்ப்பவர். எங்கே, எப்போது, எந்த வழியாக என்பதில் அவர் சொல்லை நம்பலாம். 'ஏன்' என்று அவர் சொன்னால் அது சந்தைப் பேச்சு. வக்கீல் என்பவர் இன்னொரு அரசரின் சபையில் தங்கித் தன் எஜமானுக்காகப் பேசும் பிரதிநிதி. சபையில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பது அவருக்கு அத்துப்படி. ஆனால் தன் முயற்சி பலிக்கிறது என்று காட்டியாக வேண்டிய கட்டாயம் அவருக்கு எப்போதும் உண்டு. 'நாளை முடிந்துவிடும்' என்று அவர் எழுதுவதைப் பாதி தள்ளிப் படியுங்கள். துபாஷி மொழிபெயர்ப்பவர் மட்டுமல்ல, வணிகத் தரகரும்கூட. யார் கடன் பட்டிருக்கிறார்கள் என்பதை அவரைப்போல் அறிந்தவர் இல்லை. புதுச்சேரிப் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷி ஆனந்தரங்கம் பிள்ளை தமிழில் எழுதிய நாட்குறிப்பு 1736 முதல் உண்டு. இந்த மனிதர்கள் எப்படிச் சேதி சேகரித்தார்கள், எப்படி விலை பேசினார்கள் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. ஆனால் அவர் 1761 ஜனவரியில் காலமாகிவிட்டார். முற்றுகைக்கு அவரைச் சாட்சி கூப்பிடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

எண்ணிக்கைகளில் இந்தத் தேவை பளிச்சென்று தெரியும். கோட்டைக்குள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு, தாக்கித் தோற்ற தளபதி கூடுதலாகச் சொல்வார். உதவி கேட்டுக் கரைக்கு ஆள் அனுப்பும் கோட்டைக்காரரும் கூட்டியே சொல்வார். தப்பியோடி வந்தவன், கேட்பவருக்குப் பிடிக்கும் என்று குறைத்துச் சொல்வான். மூன்றையும் கூட்டிச் சராசரி எடுப்பது அர்த்தமற்ற வேலை. மூன்றையும் சொன்னவர் பெயரோடு அடுத்தடுத்து எழுதுங்கள். வெள்ளைக்காரர், தொப்பாசு (போர்த்துகீசியக் கலப்பினத்தார்), காப்பிரி (ஆப்பிரிக்கர்), சிப்பாய், கள்ளர் என்று கும்பினிக் கணக்கில் தனித்தனித் தலைப்பு இருக்கும். ஒரு கடிதம் 'ஆட்கள்' என்றால் இவற்றில் எதைச் சேர்த்தது என்று பாருங்கள்.

எழுதியவருக்கு அன்று எது தெரிந்திருக்க முடியாது என்பதையும் கேளுங்கள். பாரிஸ் உடன்படிக்கை 1763 பிப்ரவரி 10 அன்று கையெழுத்தானது. கப்பலில் சேதி வர ஆறு மாதம் வாக்கில் ஆகும். மதுரையில் பிரெஞ்சுக் கொடி ஏறியபோது அங்கிருந்த எவருக்கும் அது தெரிந்திருக்காது. அந்த உடன்படிக்கையின் 11ஆம் பிரிவு முகமது அலியையே கர்நாடக நவாப் என்று ஏற்றுக்கொண்டது. அதாவது யூசுப் கான் எந்த அரசின் கொடியை ஏற்றினாரோ, அந்த அரசே அவருடைய எதிரியை ஐரோப்பாவில் அங்கீகரித்துவிட்டது. சேதி கரை சேர்வதற்கு முன் எழுதிய பிரெஞ்சு வாக்குறுதியும், சேர்ந்தபின் எழுதிய வாக்குறுதியும் ஒன்றல்ல. இதைப் பிரித்துப் பார்க்காமல் அவரை 'பிரெஞ்சுக் கைக்கூலி' என்றோ 'ஏமாந்தவர்' என்றோ எழுதுவது அநியாயம்.

அக்டோபர் 13க்கு வருவோம். மார்ஷான், திவான் சீனிவாச ராவ், ஹக்கீம் பாபா சாகிப் மூவரும் காட்டிக்கொடுத்தவர்கள் என்று ஆவணங்களின் வழியே நமக்கு வந்திருக்கிறது. இங்கே காட்டிக்கொடுத்தவருக்கும் பேரத்தை ஏற்றவருக்கும் விவரத்தை மூடிவைக்க ஒரே அளவு காரணம் இருந்தது. அதனால் இரு தரப்பும் ஒத்துப்போகும் இடம்தான் அதிகம் சந்தேகப்பட வேண்டிய இடம். அடுத்து, 'நவாபிடம் ஒப்படைக்கப்பட்டார்', 'தூக்கிலிடப்பட்டார்' என்ற செயப்பாட்டு வாக்கியங்கள் வரும்போது நில்லுங்கள். யார் ஒப்படைத்தார், யார் ஆணையிட்டார் என்று ஒவ்வொன்றுக்கும் எழுவாய் தேடுங்கள். கிடைக்காத இடத்தில் உங்கள் கட்டுரையிலும் எழுவாயைச் சொருகாதீர்கள்.

சண்டையில் நேரடிப் பங்கு இல்லாத சாட்சி அபூர்வம். திருச்சியில் இருந்த லுத்தரன் பாதிரியார் ஷ்வார்ட்ஸ் முற்றுகைப் பாசறைக்கு வந்து காயம்பட்டவர்களைக் கவனித்தவர். அவருடைய கடிதங்கள் ஜெர்மனியின் ஹாலே நகருக்குப் போயின. அவரும் ஆங்கிலேயர் பாசறையில்தான் இருந்தார், நன்கொடை தரும் வாசகருக்குத்தான் எழுதினார் என்பதையும் அருகிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

பணம்

கும்பினிக் கணக்கு வராகன், பணம், காசு என்று மூன்று பத்தியில் ஓடும். சென்னைக் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். பத்தின் மடங்கில் கூட்டினால் கணக்கு கெடும். 41 பணம் 79 காசுக்கு அடுத்தது ஒரு வராகன். ரூபாய்க்கு மாற்றும் விகிதம் ஆண்டுக்கு ஆண்டு மாறியது. 100 வராகனுக்கு 350 ரூபாய் என்பது 1818இல் நிலைப்பட்டது. தோராயமாக ஒப்பிட மட்டும் அதைப் பயன்படுத்தலாம். யூசுப் கான் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய்க்குக் குத்தகை எடுத்தார். அந்த விகிதத்தில் ஏறத்தாழ 1,42,850 வராகன். பிறகு 7 லட்சம் தருவதாகச் சொன்னார், அது 2 லட்சம் வராகன். மூலத்தில் உள்ள நாணயத்தை முதலில் எழுதி, மாற்றிய தொகையை அடுத்து எழுதுங்கள். இன்றைய ரூபாய் மதிப்புக்கு மாற்றவே வேண்டாம். அந்த எண்ணால் எதுவும் விளங்காது. எடையில், சென்னைக் கண்டி 20 மணங்கு, மணங்கு 8 வீசை. கண்டி 500 பவுண்டு. வெடிமருந்துக் கணக்கு பார்க்க இது போதும்.

தரை

மதுரைக்காரருக்குள்ள பெரிய வசதி இது. கோட்டைச் சுவர் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் இடிக்கப்பட்டு அகழி தூர்க்கப்பட்டது. நான்கு வெளி வீதிகளும் அந்த வெளி எல்லையைப் பின்பற்றுகின்றன. பெரியார் பேருந்து நிலையத்தருகே மேற்குக் கொத்தளத்தின் ஒரு துண்டு நிற்கிறது. அதிகாலையில், போக்குவரத்து எழுமுன், வெளி வீதிகளை ஒரு சுற்று நடங்கள். கைபேசியில் நடைத்தடத்தைப் பதியுங்கள். அந்தத் தடத்தைப் பழைய முற்றுகைத் திட்டப்படத்தின் மேல் வையுங்கள். ஒத்துப்போக மூன்று புள்ளி தேவை. மீனாட்சியம்மன் கோயில் கோபுரங்களை இரண்டுக்கும், மேற்குக் கொத்தளத்தை ஒன்றுக்கும் வையுங்கள். வைகைக் கரையை வைக்காதீர்கள், ஆறு நகர்ந்திருக்கும்.

சுவர் உடைக்கும் பீரங்கியைச் சில நூறு கஜத்துக்குள் கொண்டுவந்தால்தான் பயன். இந்த ஒரு அளவை வைத்தே, ஒரு கடிதம் சொல்லும் பீரங்கி மேடு எங்கே இருந்திருக்க முடியும், எங்கே இருந்திருக்க முடியாது என்று பிரித்துவிடலாம். வண்டியூர் தெப்பக்குளம் மீனாட்சியம்மன் கோயிலிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே பாசறை போடலாம், அங்கிருந்து சுவரை உடைக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய்கள் நிரம்பியிருக்கும்போது கிழக்கே ஒருமுறை போய்ப் பாருங்கள். தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் ஊறினால் முற்றுகைக்காரர் என்ன ஆவார் என்று தானே விளங்கும். 1763 நவம்பரில் ஏன் விலகினார்கள் என்பதற்குக் கடிதம் சொல்லும் காரணத்தை இதோடு ஒப்பிடலாம்.

சேதி வந்த வழியையும் அளந்துகொள்ளுங்கள். திருச்சியிலிருந்து நத்தம் கணவாய் வழியாக மதுரை 130 கிலோமீட்டர் சுமாருக்கு இருக்கும். நடைக்காரர் நாளுக்கு 40, 50 கிலோமீட்டர் போனால் மூன்று நாள். மதுரையில் முந்தின நாள் நடந்ததை மறுநாளே திருச்சியில் 'நேரில் கண்டது' போல எழுதும் கடிதம் வதந்தியைத்தான் எழுதுகிறது. நத்தம் வழி கள்ளர் நாட்டுக்குள் போவது. 1755இல் கும்பினிக் கர்னல் ஹெரோனின் படை கோயில்குடியிலிருந்து கொள்ளையடித்த விக்கிரகங்களோடு திரும்பியபோது அந்தக் கணவாயில்தான் கள்ளர் தாக்கி அவற்றை மீட்டார்கள். அந்த வழியில் தாமதமாக வந்த கடிதத்தைச் சோம்பலுக்குக் கணக்கு வைக்காதீர்கள்.

சம்மட்டிபுரத்தில் உள்ள யூசுப் கான் தர்காவுக்குப் போனால், அங்கே சொல்லப்படுவதைத் தனிப் பத்தியில், 'வாய்மொழி' என்று தலைப்பிட்டு எழுதிக்கொள்ளுங்கள். உடலின் எந்தப் பகுதி எந்த ஊருக்கு அனுப்பப்பட்டது என்ற கதை ஊருக்கு ஊர் மாறும். கான்சாகிபு பற்றிய நாட்டுப்பாடலுக்கும் இதே விதி. அவற்றை ஒதுக்கச் சொல்லவில்லை. மக்கள் யாரை நினைவில் வைத்தார்கள் என்பதற்கு அவை முதல்தரச் சான்று. தேதிக்குச் சான்று அல்ல.

ஆவணக் காப்பகத்தில்

எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே, காந்தி இர்வின் சாலையில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். அடையாளச் சான்றும், கல்லூரியோ சங்கமோ தந்த அறிமுகக் கடிதமும், தலைப்பும் காலமும் தெளிவாக எழுதிய விண்ணப்பமும் கொண்டுபோங்கள். 'மதுரை வரலாறு' என்று எழுதினால் எதை எடுத்துத் தருவது என்று அவர்களுக்கே தெரியாது. 'இராணுவத் துறை ஆலோசனைகள், 1764 செப்டம்பர் முதல் நவம்பர் வரை' என்று எழுதுங்கள். பென்சில் மட்டும் எடுத்துப்போங்கள். படம் எடுக்க அனுமதியும் கட்டணமும் அன்றைய விதிப்படி. முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

போவதற்கு முன் அச்சான தொகுதிகளை முடியுங்கள். இராணுவத் துறை ஆலோசனைகள் 1752 முதல் 1756 வரையும், நாட்டரசர்களுடனான கடிதங்கள் 1753 முதல் 1758 வரையும் அச்சில் உண்டு. இணையத்தில் ஸ்கேன் கிடைக்கும். முற்றுகைக் காலத்துக்கு அவை எட்டாது, கையெழுத்துப் பிரதிதான் கதி. ஆனாலும் ஒரு பயன் இருக்கிறது. 1755இன் ஒரு கையெழுத்துப் பக்கத்தைக் கேட்டு வாங்கி, அச்சுப் பக்கத்தை அருகில் வைத்து வரிவரியாகப் படியுங்கள். ஆங்கில 'எஃப்' எழுத்துப் போலத் தெரியும் நீள 'எஸ்', மேலே ஏற்றி எழுதிய சுருக்கங்கள், பூஜ்யமா ஆறா என்று புரியாத எண்கள் எல்லாம் இரண்டு நாளில் பழகிவிடும். இதைத் தாண்டி நேரே 1764க்குப் போனவர்கள் எண்களைத் தப்பாகப் படித்திருக்கிறார்கள். பக்கம் சிதைந்திருந்தால் பதற வேண்டாம். ஆலோசனைகளின் நகல் லண்டனுக்கு அனுப்பப்பட்டது, பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது.

டச்சுத் தரப்பில் ஒரு பொறி உண்டு. எழும்பூரில் உள்ள டச்சு ஆவணங்கள் பெரும்பாலும் கொச்சியைச் சேர்ந்தவை. தூத்துக்குடி நிர்வாகம் நாகப்பட்டினத்தின் கீழ் இல்லை, கொழும்பின் கீழ் இருந்தது. ஆகவே ஹேக் நகரத் தேசியக் காப்பகத்தின் இணையத்தளத்தில் சோழமண்டலக் கோப்புகளைப் புரட்டாமல் இலங்கைக் கோப்புகளைத் திறக்க வேண்டும். பிரெஞ்சுக் கடிதங்களுக்கு எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரக் காப்பகம். புதுச்சேரி விழுந்தபின் முடிவுகள் மொரீஷியஸில் எடுக்கப்பட்டதால் அந்தத் தீவின் கோப்புகளையும் கேளுங்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் தொகுதி எண், பக்க எண், கூட்டத் தேதி மூன்றையும் கோப்பின் பெயரிலேயே வையுங்கள். பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் இருநூறு படத்துக்குப் பின் எது எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

அட்டவணையிலிருந்து கட்டுரைக்கு

நாளுக்கு ஒரு வரி. எட்டுக் கட்டம்: எழுதிய தேதி, கிடைத்த தேதி, படித்த தேதி, எழுதியவர், யாருக்கு, அவர் கண்டதா கேட்டதா, சேதி, அவருக்கு இருந்த தேவை. 'கேட்டது' என்று விழும் வரிகளுக்கு வேறு நிறம் கொடுங்கள். மொத்தத்தில் முக்கால்வாசி அந்த நிறமாக இருந்தால் கட்டுரையை இன்னும் தொடங்கக் கூடாது. நேரில் கண்டவரின் கடிதம் ஒன்றாவது தேடுங்கள்.

எழுதும்போது, தேவை வேறுபட்ட இரண்டு தரப்பு ஒரே சேதியைத் தனித்தனியே சொன்னால் மட்டும் நேராக எழுதுங்கள். ஒரு தரப்பு மட்டும் சொன்னால் 'கேம்பெல் எழுதியபடி', 'நவாபின் கடிதப்படி' என்று ஆளைச் சொல்லுங்கள். இருவர் சொன்னதுபோல் தோன்றினாலும் ஒருவர் மற்றவரைப் பார்த்து எழுதினாரா என்று சொற்களை ஒப்பிடுங்கள். ஒரே எண், ஒரே வரிசை, ஒரே பிழை இருந்தால் அது ஒரு சாட்சிதான். தேதியை மாற்றிய இடத்தில் மூலத் தேதியையும் அடைப்பில் தாருங்கள். உங்கள் மாற்றம் தப்பாக இருந்தால் அடுத்து வருபவர் ஐந்து நிமிடத்தில் திருத்திக்கொள்வார்.